இருபது வயதில் வழி தெரியாமல் நிற்கும் மகன்: அட்டவணையில் வயது தாண்டிவிட்டால் வாழ்க்கை தவறிவிடுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டிலிருந்து (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) எழுதியிருக்கிறார் இந்த வாசகி. வயது 46. பல வருடம் கொழுந்து பறித்தவர், இப்போது அங்கன்வாடியில் உதவியாளர். கணவர் தொழிற்சாலைக்கு இலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மகனுக்கு வயது 20. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தவன், தீபாவளிக்கு வந்தான், திரும்பிப் போகவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. ஏழு பாடங்களில் அரியர். விடிய விடிய செல்போன், மதியம் வரை தூக்கம். கேட்டால் “எனக்கு என்ன வேணும்னே தெரியலம்மா” என்கிறான். கல்லூரியில் தன்னைச் ‘சிலோன்’ என்று கூப்பிட்டதையும், லைன் வீட்டில் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் மறைத்ததையும் ஒரு நாள் இரவு அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். பள்ளிக்காலம் முழுக்க ‘சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை’ என்று பெயரெடுத்தவன். “வேலைக்குப் போ, இல்லைன்னா வீட்டை விட்டுக் கிளம்பு” என்கிறார் அப்பா. கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

மாமனாருக்கு 72. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1974-இல், 21 வயதில் கப்பலேறி வந்தவர். சில மாதங்களாகப் பழைய கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். “அங்கேயும் நான் ஊர்க்காரன் இல்ல, இங்கேயும் இல்ல” என்று கண் கலங்குகிறார்.

பயிற்சி வகுப்பு ஒன்றில், மனித வாழ்க்கையை உளவியலாளர் எரிக் எரிக்சன் பிரித்துக் காட்டிய எட்டுப் படிநிலைகளை அட்டவணையாகப் போட்டுக் காட்டினார்களாம். ‘அடையாளம்’ என்பதற்கு நேரே 12 முதல் 18 வயது என்று இருந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து வாசகிக்குத் தூக்கம் இல்லை. எட்டு மாதக் குழந்தையாக அவனைப் பிள்ளைக் காம்பராவிலும் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) மாமியாரிடமும் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதால் முதல் படியே உடைந்துவிட்டதா? 18 தாண்டிவிட்டதால் அடையாளம் இனி அமையாதா? மாமனாருக்குப் புத்தி பேதலிக்கிறதா? இவையே அவர் கேள்விகள். கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: “எனக்கும் பிளஸ் டூ முடிக்கணும்னு ஆசை இருந்தது. இந்த வயசுல அதெல்லாம் கேவலம், விடுங்க.”

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு கேள்விகளோடு மல்லுக்கட்டுகிறது. மகன் ‘நான் யார்’ என்கிறான். மாமனார் ‘நான் வாழ்ந்தது சரிதானா’ என்கிறார். நடுவில் நீங்கள், ‘நான் வளர்த்தது வீணாகிவிட்டதா’ என்கிறீர்கள். மூன்றும் அந்தந்த வயதுக்கு உரிய கேள்விகள். ஒன்றின் பயத்தை இன்னொன்றின் மேல் ஏற்றும்போதுதான் வீடு மூச்சு முட்டுகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால் தள்ளிப்போடக் கூடாத ஒரு காரியம் இருக்கிறது.

முதலில் உறுதி செய்ய வேண்டியது: தேடலா, நோயா?

வழி தெரியாமல் நிற்பது நோயல்ல. ஆனால் மனச்சோர்வு நோயும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் இதுதான்: வழி தேடுகிற பையனுக்குப் பிடித்த விஷயம் எதிரே வந்தால் முகம் மலரும், பசிக்கும், சிரிப்பான். மனச்சோர்வில் இருப்பவனுக்கு எதுவுமே இனிக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் முகம் வாடியே இருப்பது, சாப்பாடு குறைந்து எடை இறங்குவது, குளிக்கக்கூட எழாதது, ‘நான் ஒரு பாரம்’ என்று பேசுவது இவையெல்லாம் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். தனியாக யாருடனோ பேசுவது, மற்றவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, குடி அல்லது கஞ்சா பழக்கம் தெரிவது என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சாகிற எண்ணம் வருகிறதா என்று அவனிடம் நேரடியாகவே கேளுங்கள். “ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது செத்துடலாம்னு தோணியிருக்காப்பா?” என்று கேட்டால் போதும். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது பலருக்கும் உள்ள தவறான பயம். கேட்கப்படும்போது பெரும்பாலும் மனசு இறங்கத்தான் செய்யும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். தோட்டத்து வீடுகளில் காய்கறிப் பாத்திக்கு என்று பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கதவுக்குப் பின்னால் இருப்பது வழக்கம். அவன் என்ன பதில் சொன்னாலும் சரி, அவற்றை இன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், செலவில்லாமல், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை அரவேணுவில் நண்பனுடைய பைக் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பொழுது சாய்கிற வரை இருந்தான், கையெல்லாம் கிரீஸோடு வந்தான், அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான் என்று. எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். இது தேடலாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அது சொல்கிறது. ஆனாலும் கடிதத்தை வைத்து நோய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்த அட்டவணையைப் பற்றி

1950-இல் எரிக்சன் இந்த எட்டுப் படிநிலைகளை முன்வைத்தார். கைக்குழந்தைக்கு நம்பிக்கையா அவநம்பிக்கையா, நடை பழகும் வயதில் தன் இஷ்டமா வெட்கமா, அடுத்து முன்முயற்சியா குற்றவுணர்வா, பள்ளி வயதில் செயல்திறனா தாழ்வுணர்வா, வளரிளம் பருவத்தில் அடையாளமா குழப்பமா, இளமையில் நெருக்கமா தனிமையா, நடுவயதில் வளர்த்தெடுத்தலா தேக்கமா, முதுமையில் நிறைவா விரக்தியா. நீங்கள் பார்த்த அட்டவணை இதுதான். கரும்பலகையில் எழுதும்போது இது பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஆகிவிடுகிறது: ஒன்றில் பாஸானால் அடுத்தது, பெயிலானால் அவ்வளவுதான். அவர் சொன்னது அப்படி இல்லை.

எட்டுக் கேள்விகளும் பிறந்ததிலிருந்து கடைசி வரை எல்லா வயதிலும் நம்மோடு இருக்கின்றன. ஒவ்வொரு வயதில் ஒவ்வொன்று முன்னுக்கு வருகிறது என்பதே அவர் கருத்து. வயதுக் கணக்கு ஒரு உத்தேசம். புத்தகத்துக்குப் புத்தகம் அது மாறியும் இருக்கும். அதோடு, இரண்டில் ஒன்று முழுக்க ஜெயிக்க வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. கொஞ்சம் அவநம்பிக்கை இல்லாத பிள்ளை யார் கூப்பிட்டாலும் போய்விடும். நல்ல பக்கம் சற்றுத் தூக்கலாக இருந்தால் போதும். அன்று குறைவாகக் கிடைத்ததைப் பிற்பாடு ஒரு நல்ல ஆசிரியரோ, நண்பனோ, துணையோ ஈடு செய்யவும் முடியும்.

எரிக்சனுடைய வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1902-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். பெற்ற தகப்பன் யாரென்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. வளர்த்தவர் யூத மருத்துவர். யூதப் பிள்ளைகள் நடுவே, பொன்னிற முடியும் உயரமுமாக இருந்த இவர் வேற்று ஆள். பள்ளியிலோ யூதன் என்று கேலி. பள்ளி முடித்ததும் பல்கலைக்கழகம் போகாமல் ஓவியனாகச் சில வருடம் ஊர் ஊராகத் திரிந்தார். 25 வயதில் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்த பிறகுதான் வழி தெரிந்தது. அமெரிக்கக் குடிமகனான 1939-இல், 37 வயதில், எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். அடையாளக் குழப்பத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவருக்கே 18-இல் அடையாளம் அமையவில்லை. இருக்கிற இரண்டு கூட்டத்திலும் ‘நீ எங்க ஆள் இல்லை’ என்று கேட்டு வளர்ந்தவர் அவர். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

பின்னால் வந்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. இருபதுகளின் தொடக்கத்தில் பெரும்பாலானோர் தேடி முடித்திருப்பதில்லை. 18 முதல் 25 வரையுள்ள காலத்தைத் தனிப் பருவமாகவே பார்க்கலாம் என்று 2000-இல் ஜெஃப்ரி ஆர்னெட் எழுதினார். அமெரிக்க இளைஞர்களை வைத்துச் சொன்னது அது. ஏழு வருடம் தேடிப் பார்க்கிற வசதி தோட்டத்து வீடுகளில் கிடையாது என்பதும் உண்மை. அதனால்தான் கீழே ஒரு கெடு வைத்திருக்கிறேன்.

பிள்ளைக் காம்பராவில் விட்டது

இந்தக் குற்றவுணர்வை இறக்கி வையுங்கள். கைக்குழந்தைக்கு நம்பிக்கை வருவது, அழுதால் ஒருவர் வருகிறார், பசித்தால் கிடைக்கிறது, நேற்று வந்த அதே முகம் இன்றும் வருகிறது என்பதால்தான். அந்த முகம் பெற்றவள் ஒருத்தியுடையதாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகள் இரண்டு மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். மாமியார் தினமும் தூக்கியிருக்கிறார், மதியம் இலை எடை போட்டுவிட்டு ஓடி வந்து நீங்கள் பால் கொடுத்திருக்கிறீர்கள், சாயங்காலம் கட்டாயம் திரும்பியிருக்கிறீர்கள். எல்லாம் நீங்களே எழுதியிருப்பதுதான். ராத்திரி உங்களிடம் வந்து அழுதானே, அது நம்பிக்கை உடைந்த பிள்ளை செய்கிற காரியம் இல்லை.

‘சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை’

1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் பேசி இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்தார். இவன் தன் முன்னால் இருக்கும் வழிகளைத் தானே தேடிப் பார்த்தானா? ஏதாவது ஒன்றை என்னுடையது என்று பிடித்துக்கொண்டானா? தேடிப் பிடித்தவர்கள் உண்டு. தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை என்று மிதப்பவர்கள் உண்டு. நான்காவது வகைதான் பெற்றவர்கள் கண்ணுக்குப் படாதது: தேடாமலே, பெரியவர்கள் கையில் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள்.

உங்கள் மகன் பத்தொன்பது வயது வரை இந்த நான்காவது வகை. கம்ப்யூட்டர் சயின்ஸை அவனுடைய மாமாவும் பள்ளி ஆசிரியரும் பேசி முடிவு செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் ‘சரி’ என்றான். அப்படிச் ‘சரி’ சொன்னவர்கள் பலர் அதே வழியில் நன்றாகவே வாழ்ந்துவிடுகிறார்கள், ஒன்றும் குறையில்லை. ஆனால் ஊர் மாறி, பாடம் கடினமாகி, கூடவே கேலியும் சேர்ந்தபோது, கையில் இருந்தது தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோனது. திடீரென்று கெட்டுப்போனதாக நீங்கள் நினைப்பது, தள்ளிப்போயிருந்த தேடல் இப்போது தொடங்கியிருப்பதுதான்.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. தேடுகிறவனும் மிதக்கிறவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போன இரண்டு நாட்கள் தேடல். செல்போனோடு விடிந்த இரவுகள் மிதப்பு. மிதப்பு நீண்டால் தேடலும் நின்றுவிடும். அப்பா சொல்கிறபடி வீட்டை விட்டுத் துரத்தினால் இன்னொரு ஆபத்து. ஒன்றுமில்லாதவனாக இருப்பதைவிட, ஊர் எதைக் கூடாது என்கிறதோ அதுவாகவே ஆகிவிடுவது மேல் என்று சில இளைஞர்கள் முடிவுக்கு வருவதை எரிக்சன் கவனித்து எழுதியிருக்கிறார். ‘உருப்படாதவன்’ என்று வீட்டில் தினமும் கேட்கிற பையன், அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு டாஸ்மாக் வாசலில் ஒரு கூட்டம் சேர்த்துக்கொள்வது அப்படித்தான்.

கல்யாணப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். ஆணுக்குச் சட்டப்படி 21 வயது நிறைய வேண்டும், அவனுக்கு இன்னும் ஆகவில்லை. ஆனாலும்கூட, தன்னை இன்னும் கண்டுபிடிக்காதவனிடம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொடுப்பது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

ஜூன் கடைசி வரை ஒரு தவணை

இளைஞர்களுக்குச் சமூகம் ஒரு தவணைக்காலம் கொடுக்க வேண்டும் என்பது எரிக்சனின் முக்கியமான கருத்து. பொறுப்பை முழுக்கச் சுமக்காமல், செய்து பார்த்து, வேண்டாமென்றால் விட்டுப் பார்க்கிற காலம். அதற்கு ஆரம்பமும் முடிவும் இருக்க வேண்டும். ஜூன் 30 என்று நாள் குறியுங்கள். கல்லூரிச் சேர்க்கைகளும் அதை ஒட்டியே வரும்.

இதை உட்கார வைத்துப் பேசாதீர்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும். ரேஷன் கடைக்கோ பஸ் ஸ்டாப்புக்கோ சேர்ந்து நடக்கும்போது பேசுங்கள். “ஜூன் வரைக்கும் உன்ன எதுவும் நெருக்கமாட்டோம். அதுக்குள்ள நீ மூணு காரியம் செய்யணும்” என்று தொடங்கலாம்.

முதல் காரியம் தூக்கம். ஒரேயடியாகக் காலை ஆறு மணிக்கு எழுப்பினால் மூன்றாம் நாள் உடைந்துவிடும். இப்போது மதியம் 12-க்கு எழுகிறான் என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் காலை 7 மணிக்கு வந்துவிடலாம். எழுந்ததும் வெளியே வெளிச்சத்தில் அரைமணி நேரம் நடக்கட்டும், மூடுபனி நாளாக இருந்தாலும் சரி. செல்போன் சார்ஜர் இரவு 11-க்கு மேல் சமையலறையில் இருக்கட்டும். அப்பாவுடைய போனும் உங்களுடையதும் அங்கேயே இருந்தால்தான் அவன் கேட்பான்.

இரண்டாவது, வீட்டில் ஒரு முழுப் பொறுப்பு. விறகோ, தண்ணீரோ, தாத்தாவை மாதாந்திர மருந்துக்கு அழைத்துப்போவதோ, ஏதாவது ஒன்று. அதை அவன் எப்படிச் செய்கிறான் என்று பின்னாலேயே நின்று திருத்தக் கூடாது.

மூன்றாவதுதான் சாரம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் செய்து பார்ப்பது. ஒர்க்‌ஷாப்பிலிருந்தே தொடங்கலாம். வாரம் நான்கு நாள், ஆறு வாரம். அந்த உரிமையாளரிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம், அவனே கேட்கட்டும். சனிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் எழுதட்டும்: இந்த வாரம் எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எதைச் செய்யும்போது எரிச்சல் வந்தது. ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் படித்தால் இயந்திரம் பிடிக்கிறதா, மனிதர்களோடு பேசுவது பிடிக்கிறதா, கணக்குப் பார்ப்பது பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாம் வாரமே விட்டுவிட்டால் ‘இதுவும் போச்சா’ என்று சொல்லிவிடாதீர்கள். ஏன் விட்டான் என்பதை எழுதச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெடுவது பையனால் அல்ல, நான்காம் நாளே “என்ன முடிவு பண்ணின?” என்று வீட்டில் கேட்டுவிடுவதால்.

கதவுகளை மூடாமல் வையுங்கள்

கல்லூரியை விட்டுவிட்டான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் நேரில் போய், துறைத் தலைவரிடம் சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அவன் பெயர் இப்போது பதிவில் எந்த நிலையில் இருக்கிறது? இடைவெளி விட்டுத் திரும்ப அனுமதி பெறுவது எப்படி, கடைசித் தேதி எது? படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம்? பொறியியலில் நான்கு வருடத்துக்கு மேலும் கால அவகாசம் உண்டு. அரியர் ஏழு என்பது திரும்ப முடியாத இடமில்லை. வேறு இடம் போவதென்றால் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள விதிகள் இடம் தரவில்லை. எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். முதல் பட்டதாரிச் சலுகை வாங்கியிருந்தால், வேறு படிப்பில் சேரும்போது அது மறுபடி கிடைக்குமா என்பதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். கல்விக் கடன் இருந்தால் வங்கி மேலாளரை இப்போதே பாருங்கள். தவணை தவறிய பிறகு போவதைவிட முன்னால் போனால் வழி அதிகம்.

ஒர்க்‌ஷாப் பிடித்துப்போனால் குன்னூர் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பட்டப்படிப்பே வேண்டும், ஆனால் இது வேண்டாம் என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு வழக்கமாக மே மாதம் வாக்கில் இணையத்தில் விண்ணப்பம் தொடங்கும். மூன்று வழிக்கும் ஆகும் செலவு, வருடம், முடித்தபின் என்ன வேலை என்பதை ஒரே தாளில் அவனே எழுதி, அப்பா முன்னால் வைக்கட்டும். உங்கள் கணவரின் கோபத்துக்கு அடியில் இருப்பது கட்டிய பணத்தின் பயம். ‘தெரியல’ என்ற பதிலுக்கு அவர் கத்துவார். கணக்கோடு வரும் தாளை உட்கார்ந்து படிப்பார்.

‘சிலோன்’ என்ற பெயரும் தாத்தாவும்

இந்தப் பகுதியை மகனும் படிக்கட்டும்.

1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டபோது, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த மக்களைக் கேட்டுச் செய்த முடிவல்ல அது. அவர்களுடைய முன்னோர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்தே இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் போனவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி மலையேறியவர்களுக்காகவே 1968-இலிருந்து அரசு நீலகிரியில் தேயிலை நட்டது. இந்த மலையின் பச்சையில் அவர்கள் கை இருக்கிறது. கோவையில் கேலி செய்த பையன்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் மகனுக்கும் தெரியாமல் இருந்தது என்பதுதான் வருத்தம். தன் வேரைப் பற்றி அவன் கேள்விப்பட்ட முதல் வார்த்தையே கேலியாக இருந்துவிட்டது. மறைக்க வேண்டிய விஷயமாக வைத்திருக்கும் வரை அது அவனை அரித்துக்கொண்டே இருக்கும். தானே தேடித் தெரிந்துகொண்டால் அதே விஷயம் காலுக்குக் கீழே தரையாகும்.

இப்போது மாமனார். வயதானவர்கள் பழையதைத் திரும்பத் திரும்பப் பேசுவதை மூளைத் தேய்மானம் என்று பலர் ஒதுக்கிய காலத்தில், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கிற இயல்பான வேலை என்று 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் எழுதினார். எரிக்சன் சொன்ன எட்டாவது கேள்வியும் இதுவே. மாமனாரின் வருத்தத்துக்குக் காரணம் உண்டு. 21 வயதில் அவருக்குத் தவணைக்காலம் என்று எதுவும் கிடைக்கவில்லை, நாடே மாறிப்போனது. கிட்டத்தட்ட அதே வயதில் பேரன் வழி தெரியாமல் படுத்திருப்பதைப் பார்க்கும்போது அவருக்கு அந்தப் பழைய காயம் திறக்கிறது என்பது என் ஊகம்.

மறதி நோய் வேறு மாதிரி இருக்கும். 1974 நன்றாக நினைவிருக்கும். காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. தெரிந்த பாதையில் வழி தவறுவார், சில்லறை எண்ணத் தடுமாறுவார், அடுப்பை அணைக்க மறப்பார், சுபாவமே மாறும். அப்படி ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, முதுமையின் மனச்சோர்வு, காது மந்தம் போன்று சரிசெய்யக் கூடிய காரணங்களும் உண்டு, அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கதை மட்டும்தான் என்றால் மருந்து வேண்டாம், கேட்க ஆள் வேண்டும்.

அந்த ஆளாகப் பேரன் இருக்கட்டும். போனில் ஒலிப்பதிவு போட்டு, ஒரு தடவைக்கு இருபது நிமிடம், வாரம் இரண்டு நாள். “எந்த வருஷம் என்ன நடந்தது” என்று கேட்டால் பெரியவர்கள் திணறுவார்கள். இடத்தையும் வேலையையும் கேட்கட்டும்: லயத்தில் யார் யார் பக்கத்து வீடு, பெட்டியில் என்னென்ன எடுத்து வந்தீர்கள், கப்பலில் சாப்பாடு என்ன, இங்கே முதல் நாள் குளிருக்கு எதைப் போர்த்தினீர்கள். அழுதால் நிறுத்திவிட்டுக் கூட உட்கார்ந்திருந்தால் போதும். கலவரத்தையோ சாவையோ பற்றி அவராகச் சொன்னால் கேட்கலாம், தோண்டக் கூடாது. வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை, பாஸ்போர்ட் போன்றவை இருந்தால் அவற்றைப் படம் பிடித்துப் பத்திரப்படுத்தட்டும். தாயகம் திரும்பியோர் என்பதற்கு அவை ஆதாரம், பின்னால் தேவைப்படலாம்.

கடைசியாக, நீங்கள்

நடுவயதின் கேள்வி, அடுத்தவரை வளர்த்தெடுப்பதா அல்லது அப்படியே தேங்கிப்போவதா என்பது. நீங்கள் அங்கன்வாடியில் ஒரு அறை நிறையப் பிள்ளைகளைத் தினமும் வளர்க்கிறீர்கள். ஆனால் உங்கள் கணக்கில் மகன் ஒருவன் மட்டுமே இருக்கிறான். அவன் பட்டம் வாங்கினால் நான் வாழ்ந்தேன், வாங்காவிட்டால் இல்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்த எடையை இருபது வயதுப் பையன் தூக்க முடியாது. அவன் பரீட்சையில் உங்கள் ஆசையையும் சேர்த்து அவன் எழுத வேண்டியதில்லை. உங்கள் ஆசையை நீங்களே எழுதலாம்.

ஓரத்தில் எழுதிய வரிக்கு இதுவே பதில்: அதில் கேவலம் எதுவும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.-இல் பிளஸ் டூவுக்கு மேல்வயது வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் போதும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து வருடத்துக்குள், ஒன்றிரண்டு பாடங்களாகப் பிரித்து எழுதி முடிக்கலாம். வருடத்தில் இரண்டு முறை தேர்வு உண்டு. பதிவு இணையத்தில்தான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், புகைப்படம், கையெழுத்துப் படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பாடம் தமிழில் எழுதலாம், உங்களுக்கு அருகிலுள்ள படிப்பு மையம் எது என்பதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். முதல் தடவை தேர்வுக்கு இரண்டு பாடம் போதும்.